12 சிஸ்டம், ஒரே அப்டேட்: விண்டோஸ் டெலிவரி ஆப்டிமைசேஷன் ரிவ்யூ

மாசத்துல ரெண்டாவது செவ்வாய் முடிஞ்சு வர்ற புதன்கிழமைன்னாலே எனக்கு வயித்துல புளியக் கரைக்கும். மைக்ரோசாஃப்ட்காரன் மாசாந்திர அப்டேட்ட அமெரிக்கால செவ்வாய்க்கிழமை காலைல விடுவான், நமக்கு அது ராத்திரி பத்தரை பதினொன்றரை, அப்ப நம்ம கம்ப்யூட்டர் சென்டர் ஷட்டர் போட்டிருக்கும். மறுநாள் காலைல வந்து 12 சிஸ்டத்தையும் ஆன் பண்ணா பன்னெண்டும் ஒரே நேரத்துல அப்டேட்ட இழுக்க ஆரம்பிக்கும், அந்த நேரம் பாத்து டேலி கிளாஸ் பசங்க ஒரு பக்கம், அப்ளிகேஷன் போட வந்தவங்க ஒரு பக்கம், ஓடிபி வந்து காலாவதியே ஆயிடும் பேஜ் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும், "அண்ணே நெட்டு போச்சா"ன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு குரல். நெட்டு போகல தம்பி, உன் பக்கத்து சிஸ்டம் குடிச்சிட்டு இருக்குன்னு எப்படி சொல்றது.

இதுக்கு மருந்து விண்டோஸ் உள்ளயே இருக்குங்கறது ரொம்ப நாள் எனக்கு தெரியாது. பேரு டெலிவரி ஆப்டிமைசேஷன். கூரியர் கம்பெனி பேரு மாதிரி இருக்கறதால நானும் கண்டுக்காம விட்டுட்டேன். செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் போய், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ள போனா இருக்கும். ஒரு வருஷமா சென்டர்ல அத ஒழுங்கா செட் பண்ணி ஓட்டிக்கிட்டு இருக்கேன், அதான் இந்த ரிவ்யூ.

இது என்ன பண்ணுதுன்னா, டோரண்ட் தெரியும்ல, அதே வேலைதான், ஆனா சட்டப்படி, விண்டோஸே பண்ணிக்குது. காலேஜ்ல எக்ஸாமுக்கு மொத நாள் நடக்கறத நெனச்சுக்கோங்க, கிளாஸ்ல ஒரே ஒரு பொண்ணுதான் முழு நோட்ஸ் எழுதிருக்கும், அறுபது பேரும் அந்த பொண்ணுகிட்டயே போய் நின்னா அது அழுதுடும், அதனால மொத யூனிட்ட ஒருத்தன் ஜெராக்ஸ் எடுப்பான், ரெண்டாவது யூனிட்ட இன்னொருத்தன், அப்புறம் ஹாஸ்டல்ல உக்காந்து ஒருத்தனுக்கொருத்தன் மாத்திக்கறது. அப்டேட் ஃபைலும் அப்படித்தான் துண்டு துண்டா வருது, மூணாம் நம்பர் சிஸ்டம் ஒரு துண்ட மைக்ரோசாஃப்ட்ல இருந்து இறக்கிட்டா ஏழாம் நம்பர் சிஸ்டம் அதுக்காக வெளிய போக வேண்டாம், லேன் கேபிள் வழியா மூணுகிட்ட இருந்தே வாங்கிக்கும். கிகாபிட் நெட்வொர்க் ஸ்விட்ச் இருந்தா அது பறக்கும் பாருங்க. மாசாந்திர அப்டேட் மட்டும் இல்ல, ஸ்டோர் ஆப், ஆஃபீஸ் அப்டேட், டிஃபெண்டர் அப்டேட் எல்லாத்துக்கும் இதே வழி உண்டு.

நிஜமா நடக்குதான்னு பாக்க அதே பேஜ்ல ஆக்டிவிட்டி மானிட்டர்னு ஒன்னு இருக்கு. மைக்ரோசாஃப்ட்ல இருந்து எவ்ளோ வந்துச்சு, நம்ம லோக்கல் நெட்வொர்க்ல இருந்து எவ்ளோ, வெளி இன்டர்நெட் பிசில இருந்து எவ்ளோன்னு பிரிச்சு காட்டும், நாம எவ்ளோ அப்லோடு பண்ணோம்னும் காட்டும். எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் இதுதான், நம்ம கண்ணாலயே பாத்துக்கலாம், யாரையும் நம்ப வேண்டியதில்ல.

ஆனா மொத ரெண்டு மாசம் அத பாத்து நான் கடுப்பானதுதான் மிச்சம். லோக்கல் நெட்வொர்க்னு போட்டிருக்கற எடத்துல சில சிஸ்டத்துல நல்லா வருது, சில சிஸ்டத்துல சுத்தமா ஜீரோ. செட்டிங் எல்லாத்துலயும் ஒன்னுதான், ஸ்விட்ச்சும் ஒன்னுதான். மண்டைய பிச்சுக்கிட்டு ரெண்டு ராத்திரி உக்காந்தேன். கடைசில பாத்தா தப்பு என்னோடதுதான். ஒரு லைன் போனா இன்னொன்னு இருக்கட்டும்னு நான் ரெண்டு கம்பெனி பிராட்பேண்ட் வச்சிருந்தேன், ஏழு சிஸ்டம் ஒரு லைன்ல அஞ்சு சிஸ்டம் இன்னொரு லைன்ல. லோக்கல் நெட்வொர்க்குக்குள்ள மட்டும் பங்கு போடற இந்த லேன் மோடு, ஒரே நெட்வொர்க்ல இருக்கற பிசி எதெதுன்னு எப்படி கண்டுபுடிக்குதுன்னா, வெளிய தெரியற பப்ளிக் ஐபி, அதாவது இன்டர்நெட்ல நம்ம லைனோட அட்ரஸ் நம்பர், ஒன்னா இருக்கான்னு பாத்துத்தான். ரெண்டு லைனுக்கு ரெண்டு ஐபி, அதனால தோளோட தோள் ஒட்டி உக்காந்திருக்கற ரெண்டு சிஸ்டம் ஒன்னையொன்னு அந்நியன் மாதிரி பாத்துட்டு இருந்திருக்கு, அண்ணன் தம்பி சொத்து தகராறுல ஒரே வீட்ட ரெண்டா தடுத்துக்கிட்ட மாதிரி. இதுக்கு குரூப் மோடுன்னு ஒன்னு இருக்கு, எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே குரூப் ஐடி குடுத்தா ஐபி வேறயா இருந்தாலும் ஒன்னா சேத்துக்கும், குரூப் பாலிசிங்கற விண்டோஸோட உள் செட்டிங்ல போய் போடணும். விண்டோஸ் ஹோம் வச்சிருக்கவங்களுக்கு குரூப் பாலிசி எடிட்டரே வராது, ப்ரோவுலதான். எங்ககிட்ட எல்லாம் ப்ரோ, தப்பிச்சேன்.

இன்னொரு குழி வைஃபை. வர்றவங்களுக்குன்னு கெஸ்ட் வைஃபை வச்சிருந்தேன், ஸ்டாஃப் லேப்டாப்பும் அதுலயே இருந்துச்சு, கெஸ்ட் வைஃபைல ஒரு டிவைஸ் இன்னொன்ன பாக்காத மாதிரி ரவுட்டர் தடுத்து வச்சிருக்கும்ல, அப்புறம் எங்க இருந்து பங்கு போட்டுக்கறது. லேப்டாப்ப மெயின் வைஃபைக்கு மாத்துனதும் சரியாச்சு. ஆன்டிவைரஸ் ஃபயர்வால் தனியா போட்டிருந்தா டிசிபி 7680 போர்ட் தொறந்திருக்கான்னும் ஒருதரம் பாத்துருங்க, பங்கு போடறதெல்லாம் அது வழியாத்தான்.

இந்த ஐடியா மைக்ரோசாஃப்ட் புதுசா கண்டுபுடிச்சதுன்னு யாரும் நெனச்சுக்காதீங்க. டோரண்டுக்கு மூலமான பிட்டோரண்ட் 2001லயே பிராம் கோஹன் எழுதுனது. 2004 கடைசில வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமோட பேட்ச் எல்லாம் அந்த வழிலதான் வந்துச்சு, கேம் ஆடறவன் லைனையே அப்லோடுக்கு எடுக்கறான்னு அப்பவே பஞ்சாயத்து, பிடிக்கலன்னா ஆஃப் பண்ணிக்கற வசதியும் குடுத்திருந்தாங்க. நெதர்லாந்துல இன்ஹாலண்ட் யூனிவர்சிட்டி 2008 வாக்குல 6500 பிசிக்கு டோரண்ட் வழியா சாஃப்ட்வேர் அனுப்ப ஆரம்பிச்சு, நாலு நாள் இழுத்த வேலைய நாலு மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. எனக்கு இதுல ரொம்ப புடிச்சது ட்விட்டர் கதை, 2010ல அவங்க சர்வர் எல்லாத்துக்கும் புது கோட் அனுப்ப பிட்டோரண்ட் வச்சு ஒரு டூல் பண்ணாங்க, 40 நிமிஷம் ஆன வேலை 12 செகண்டுக்கு வந்துச்சுன்னாங்க, அதுக்கு வச்ச பேரு மர்டர். கொலை இல்லைங்க, காக்கா கூட்டத்துக்கு இங்கிலீஷ்ல அந்த பேருதான். எச்சக்கையால காக்கா ஓட்டாதவங்களுக்கு இந்த டெக்னாலஜி செட் ஆகாதுன்னு நான் ஸ்டாஃப்கிட்ட சொன்னேன், யாரும் சிரிக்கல.

சரி விஷயத்துக்கு வருவோம். செட்டிங்ல ரெண்டு ஆப்ஷன் இருக்கு, லோக்கல் நெட்வொர்க்ல இருக்கற டிவைஸ் மட்டும், இல்ல லோக்கல் நெட்வொர்க்கோட சேத்து இன்டர்நெட்ல இருக்கற டிவைஸும். ரெண்டாவதுல கை வைக்காதீங்க. அத போட்டா உங்க அப்லோடு எடுத்து ஊர் பேர் தெரியாத எவனுக்கோ அப்டேட் போகும், உங்க ஐபியும் அவங்களுக்கு தெரியும். 2015 ஜூலைல விண்டோஸ் 10 வந்தப்ப ஹோம், ப்ரோ ரெண்டுலயும் இந்த இன்டர்நெட் ஆப்ஷன்தான் டிஃபால்ட்டா ஆன்ல இருந்துச்சு, ஆஃபீஸ்காரங்களுக்கான எண்டர்பிரைஸ்ல மட்டும் லோக்கல். கேக்காம கொள்ளாம என் டேட்டாவ எடுத்து தானம் பண்றியான்னு ஜனங்க கத்துனாங்க, நியாயமான கத்தல்தான். இப்ப டிஃபால்ட் லோக்கல்தான். ஆனாலும் பழைய சிஸ்டம் வாங்குனா, யாராச்சும் கை வச்சிருந்தா, ஒரு தடவ பாத்துக்கறது நல்லது. எங்க வீட்டுலயே தம்பி லேப்டாப்ல ஸ்பீடு ஏறும்னு எங்கயோ வீடியோ பாத்துட்டு இன்டர்நெட் ஆப்ஷன போட்டு வச்சிருக்கான், வீட்டுல இருக்கறது ஒரு எல்லைக்கு மேல ஸ்பீட கொறைக்கற பிளான், மாசக் கடைசில அம்மா சீரியல் நின்னு நின்னு ஓடுதுன்னு என்னத்தான் திட்டுனாங்க. அப்லோடுக்கு மாசத்துக்கு இவ்ளோன்னு லிமிட் வைக்கற எடமும் அங்கயே இருக்கு. மொபைல் ஹாட்ஸ்பாட்ல ஓட்டறவங்க அந்த கனெக்ஷன மீட்டர்டுன்னு, அதாவது டேட்டாவுக்கு அளவு உண்டுன்னு, போட்டுட்டா அப்லோடு பண்ணாது.

வைரஸ் வராதான்னு டேலி சார் கேட்டாரு, நல்ல கேள்வி. பக்கத்து சிஸ்டத்துல பூச்சி இருந்தா அது அப்டேட்டோட சேந்து இங்கயும் வந்துடுமேன்னு பயம். அதுக்கு வழியில்ல, ஏன்னா எந்த துண்டு எப்படி இருக்கணும்கற ஹேஷ் லிஸ்ட், துண்டோட கைரேகை மாதிரி, மைக்ரோசாஃப்ட்ல இருந்தே நேரா வரும், பக்கத்து வீட்டுக்காரன் குடுத்த துண்டு அதோட ஒத்துப்போகலன்னா தூக்கிப் போட்டுட்டு வேற எடத்துல வாங்கும், முழுசா வந்தப்புறம் டிஜிட்டல் கையெழுத்தும் செக் பண்ணித்தான் இன்ஸ்டால். நம்ம சொந்த ஃபைல், போட்டோ எதையும் இது தொடறதில்ல, இறக்குன அப்டேட்ட தற்காலிகமா வச்சிருக்கற கேஷ்ல இருக்கறத மட்டும்தான் பகிரும்.

குறைன்னு சொல்லணும்னா, மொதல்ல இது இன்டர்நெட்டே இல்லாம வேலை செய்யாது. எல்லா துண்டும் பக்கத்து சிஸ்டத்துலயே இருந்தாலும் யார்கிட்ட என்ன இருக்குன்னு கேக்க மைக்ரோசாஃப்ட் சர்வர்கிட்ட போய்த்தான் ஆகணும், அதனால லைன் டவுனான அன்னைக்கு ஒன்னும் நடக்காது. கேஷும் ரொம்ப நாள் தங்காது, டிஃபால்ட்டா மூணு நாள்தான், புதன்கிழமை இறக்குனத அடுத்த திங்கக்கிழமை ஆன் பண்ற சிஸ்டத்துக்கு குடுக்க முடியாது, திரும்ப வெளிய இருந்துதான் இழுக்கும். நான் பாலிசில ஏழு நாளா ஏத்தி வச்சுட்டேன், டிஸ்க் கொஞ்சம் போகும் பரவால்ல. 2 ஜிபி ரேம் வச்சிருக்கற கெழட்டு சிஸ்டம் இந்த பங்காளி கூட்டத்துல சேராது, 4 ஜிபியாச்சும் இருக்கணும். சின்ன சின்ன ஃபைலுக்கும் இது கிடையாது, 50 எம்பிக்கு மேல இருந்தாத்தான் கேஷ்ல வச்சு பங்கு போடும். முக்கியமான பாலிசி எல்லாம் செட்டிங்ஸ்ல இல்லாம உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கறதும் எரிச்சல்தான், சாதாரண ஆள் எங்க போய் தேடுவான்.

எல்லாத்தயும் விட பெரிய விஷயம், பன்னெண்டையும் ஒரே நேரத்துல ஆன் பண்ணி பன்னெண்டுலயும் செக் ஃபார் அப்டேட்ஸ் அமுக்குனா பங்கு போட யார்கிட்டயும் ஒன்னும் இருக்காது, எல்லாரும் பந்தில உக்காந்துட்டா யாரு பரிமாறறது. நாமளா அமுக்கி இறக்கும்போது உடனே நேரா மைக்ரோசாஃப்ட்கிட்ட ஓடாம மொதல்ல அக்கம்பக்கம் தேடுன்னு சொல்ல ஒரு டிலே பாலிசி இருக்கு, நான் 60 செகண்ட் வச்சிருக்கேன், அதுல நல்ல வித்தியாசம்.

முன்னாடி இந்த வேலைக்கு டபிள்யூசஸ்னு (WSUS) தனி சர்வர் வைக்கறதுதான் வழக்கம், பெரிய ஆஃபீஸ்ல இன்னும் ஓடுது, ஆனா இனிமே அதுல புதுசா எதுவும் சேக்க மாட்டோம்னு மைக்ரோசாஃப்ட்டே 2024ல சொல்லிட்டாங்க. 12 சிஸ்டத்துக்கு சர்வர் வாங்கி விண்டோஸ் சர்வர் லைசென்ஸும் போட நான் என்ன பேங்க்கா நடத்தறேன். இது ஓசி, விண்டோஸ்லயே வருது.

அஞ்சு சிஸ்டத்துக்கு மேல ஒரே லைன்ல வச்சிருக்கவங்களுக்கு, பிரவுசிங் சென்டரோ ஸ்கூல் லேபோ ஆடிட்டர் ஆஃபீஸோ, அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். வீட்டுல ரெண்டு லேப்டாப்னா மூணு, இருந்தா இருக்கட்டும். ஒத்த லேப்டாப்காரங்களுக்கு இதுல ஒன்னும் இல்ல, ஆஃப் பண்ணிட்டு போங்க.

இப்பல்லாம் அந்த புதன்கிழமை எட்டு மணிக்கே வந்து மூணாம் நம்பர் சிஸ்டத்த மட்டும் ஆன் பண்ணி அப்டேட்ட அமுக்கி விட்டுட்டு எதுத்தாப்ல டீக்கடைக்கு போயிடறேன். டீ, வடை, பேப்பர் முடிச்சு ஒன்பது மணிக்கு வந்து மத்த பதினொன்னையும் ஆன் பண்ணா, அதுங்க மூணாம் நம்பர்கிட்டயே கேட்டு வாங்கிக்குது. போன மாசம் பத்தாம் நம்பர்ல ஆக்டிவிட்டி மானிட்டர தொறந்து பாத்தப்ப பாதிக்கு மேல லோக்கல் நெட்வொர்க்னு காட்டுச்சு, டேலி சார கூப்ட்டு காட்டுனேன், "அப்ப இனிமே புதன்கிழமையும் கிளாஸ் வைக்கலாமா"ன்னு கேட்டுட்டு போயிட்டாரு.