பத்து வருஷத்துக்கு மேலாக நான் பயன்படுத்திய டிராவல் அடாப்டர்கள்

எனக்குக் காற்றாலை பராமரிப்பு வேலை. ஊர் வள்ளியூர். பணகுடி, ராதாபுரம், முப்பந்தல் என்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எங்கெல்லாம் அடிக்குமோ அங்கெல்லாம் சுற்றுவேன். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை காற்று சீசன். அப்போது லீவு என்று வாயைத் திறக்க முடியாது. அதனால் என்னுடைய வெளிநாட்டுப் பயணங்கள் எல்லாமே ஐப்பசிக்கு மேல்தான். 2014 முதல் டென்மார்க்குக்கு மூன்று தடவை, ஜெர்மனிக்கு இரண்டு தடவை பயிற்சிக்கும் வேலைக்கும் போயிருக்கிறேன். அக்கா வீடு சிங்கப்பூரில் இருப்பதால் அங்கே வருஷத்துக்கு ஒருமுறையாவது போவோம். பெரியப்பா மகன் மஸ்கட்டில் இருக்கிறான், சித்தி மகள் அமெரிக்காவில். இத்தனை இடத்துச் சுவரிலும் நம்ம ஊர் பிளக்கைச் சொருகிப் பார்த்தவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

முதல் தடவை போகும்போது எல்லாரையும் போல, 'உலகம் பூராவும் போகும்' என்று விற்கிற அந்தக் கட்டை அடாப்டரைத்தான் வாங்கினேன். பக்கத்தில் இருக்கிற தள்ளுபட்டனை நகர்த்தினால் ஒரு நாட்டுக்கு ஒரு கால் வெளியே வரும். பெட்டியில் 150 நாடு என்று போட்டிருந்தது. டென்மார்க்கில் இறங்கி, தங்கிய அறையில் சொருகினேன். லேப்டாப் சார்ஜ் ஏறியது. ஆனால் அதன் அலுமினிய மேல்தகட்டில் கையை வைத்தால் விறுவிறுவென்று ஓர் ஊரல். குளிர் தேசத்து ஸ்டாட்டிக்காக இருக்கும் என்று முதல் நாள் விட்டுவிட்டேன். மறுநாள் டூல் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்து லேப்டாப் உடம்புக்கும் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் குழாய்க்கும் நடுவில் வைத்தேன். 110 வோல்ட் பக்கம் காட்டியது.

காரணம் இதுதான். மூன்று பின் உள்ள லேப்டாப் சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். அவை கரண்ட் வருகிற இரண்டு கம்பியிலிருந்தும் எர்த்துக்கு இணைந்திருக்கும். எர்த் கிடைக்காவிட்டால் உலோக உடம்பு இரண்டுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு, சப்ளையில் பாதி வோல்ட்டேஜில் நிற்கும். அதில் ஓடுகிற கரண்ட் மிகக் கொஞ்சம், ஒரு மில்லி ஆம்பியரைக்கூடத் தொடாது. அதனால் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் உள்ளே இன்சுலேஷன் என்றைக்காவது போனால், முழுக் கரண்டும் இறங்க ஒரு வழி வேண்டுமே? எர்த் இல்லையென்றால் அந்த வழி நம் கைதான். டவர் உச்சியில் ஒவ்வொரு பெட்டிக்கும் எர்த் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆளுக்கு இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஊருக்கு வந்து அந்தக் கட்டையைக் கழற்றிப் பார்த்தேன். எர்த் பின் நுழைகிற ஓட்டைக்குப் பின்னால் தகடே கிடையாது, வெறும் பிளாஸ்டிக். இந்த மாதிரிக் கட்டைகளில் பெரும்பாலானவை இப்படித்தான்.

அடுத்த தடவை எச்சரிக்கையாக, ஐரோப்பாவுக்கென்றே உள்ள எர்த் அடாப்டர் வாங்கினேன். கொஞ்சம் தடித்த இரண்டு உருண்டைக் கால், பக்கவாட்டில் இரண்டு தகடு. ஜெர்மனியில் அது அருமையாக வேலை செய்தது. அங்கே சாக்கெட் வட்டக் குழியாக இருக்கும். அடாப்டர் அதற்குள் இறங்கி உட்கார்ந்ததும் பக்கத் தகடு எர்த்தைப் பிடித்துக்கொள்ளும். அதே அடாப்டர் டென்மார்க்கிலும் நுழைந்தது. மறுபடியும் அதே ஊரல்! டென்மார்க் சாக்கெட்டைப் பார்த்தால் சிரிக்கிற முகம் மாதிரி இருக்கும்: இரண்டு கண், கீழே அரைவட்ட வாய். அந்த வாய்தான் எர்த். ஜெர்மன் பிளக் கண்ணில் நுழையும், வாய்க்குப் போக அதில் பின் கிடையாது. கரண்ட் வரும், எர்த் வராது. கே வகை என்று கேட்டு வாங்கினால்தான் அந்த வாய்க்கான பின்னும் இருக்கும். 'ஐரோப்பா அடாப்டர்' என்று ஒரே பெயரில் விற்பதை நம்பி நான் ஏமாந்த இடம் இது. சுவிட்சர்லாந்து, இத்தாலி போகிறவர்களும் கவனிக்க வேண்டும். அங்கேயும் எர்த் வைக்கிற முறை வேறு. சுவிஸ் சாக்கெட்டில் ஜெர்மன் பிளக் நுழையவே நுழையாது. போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு பின் பிளக் மட்டும் ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் போகும்.

2018 மாசியில் சிங்கப்பூரில் நடந்தது வேறு. அம்மாவுக்கு மூச்சுத்திணறல் உண்டு. நெபுலைசரை வீட்டிலிருந்தே கொண்டுபோனோம், இந்திய மூணு பின் பிளக். சிங்கப்பூரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், மிஷினுக்கு ஒரு குறையும் இல்லை. சுவரில் மட்டும் மூன்று தட்டைக்கால் நுழைகிற பிரிட்டிஷ் சாக்கெட், ஜி வகை என்பார்கள். மருமகன் மேஜை டிராயரில் கிடந்த ஒரு கட்டை அடாப்டரை மாட்டிக் கொடுத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு இழுப்பு வந்தது. மிஷினைப் போட்டால் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது, நிற்கிறது. நெபுலைசர் வயரின் கனத்துக்கு நம்ம பிளக் அடாப்டர் முகத்திலிருந்து சரிந்து சரிந்து வருகிறது. அக்கா மாஸ்க்கைப் பிடித்திருக்க, நான் இருபது நிமிஷமும் பிளக்கைக் கையால் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா மாஸ்க்குக்குள்ளிருந்து, "கைய எடுலே, சூடா இருக்கும்லா" என்றாள். சூடாகத்தான் இருந்தது.

லூஸ் காண்டாக்ட் என்றால் சூடு என்பது எலக்ட்ரிக்கல் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். டிராவல் அடாப்டரில் அது ஏன் இவ்வளவு சகஜம் என்பதை அப்புறம்தான் யோசித்தேன். நம்ம 6 ஆம்பியர் பிளக்கின் கரண்ட் பின்கள் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடிமன், எர்த் பின் 7. ஐரோப்பாவின் மெல்லிய பின் 4 மில்லிமீட்டர். தட்டைக்காலுக்கும் உருண்டைக்காலுக்கும் ஒரே ஓட்டையில் இடம் வைத்தால் உள்ளே இருக்கிற பித்தளைத் தகடு எதையும் முழுசாகக் கவ்வாது, ஓரத்தில்தான் தொடும். தொடுகிற இடம் சிறுத்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு. நம்ம வீடுகளில் 'எல்லா பிளக்கும் போகும்' என்று வைக்கிற சாக்கெட்டும் இதே சங்கதிதான். சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள் தட்டைக்கால் சார்ஜரை அதில் சொருகினால் சரசரவென்று சத்தம் வரும். எங்கள் வீட்டில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, தட்டைக்காலை வாங்கி உருண்டைக்காலாக்கும் அடாப்டர் இரண்டு தனியாக வைத்திருக்கிறேன்.

மஸ்கட்டில் அண்ணன் அறையில் பார்த்ததும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. ஊரிலிருந்து கொண்டுபோன 1000 வாட் அயர்ன் பாக்ஸ். 230 வோல்ட்டில் நாலேகால் ஆம்பியர் சுமார். அடாப்டரில் 6 ஆம்பியர் என்று எழுதியிருந்தது, கணக்குப்படி தாங்க வேண்டும். ஐந்தாறு சட்டை தேய்ப்பதற்குள் பிளாஸ்டிக் வாடை. பிடுங்கிப் பார்த்தால் ஒரு ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு. எழுதியிருக்கிற ஆம்பியர் கணக்கு பிடிமானம் இறுக்கமாக இருக்கும்வரைதான் செல்லும். லூஸான இடத்தில் வருகிற சூட்டை பியூஸ் கண்டுபிடிக்காது.

அந்த அறையில் இன்னொரு பழக்கமும் பார்த்தேன். வளைகுடாவில் இருக்கிற நம்மாட்கள் பலருக்கும் இது உண்டு. ஜி வகைச் சாக்கெட்டில் கீழ் இரண்டு ஓட்டைகளும் மூடியிருக்கும். மேலே எர்த் பின் நுழைந்தால்தான் மூடி திறக்கும், குழந்தைகள் விரலோ கம்பியோ விடாமல் இருக்க. இரண்டு பின் பிளக்கைப் போட, எர்த் ஓட்டையில் பேனா மூடியை விட்டு மூடியைத் திறந்து கீழே சொருகிவிடுகிறார்கள். கையில் ஸ்க்ரூ டிரைவர் கிடைத்தால் அதையும். அண்ணனிடம், "அண்ணே, ஒரு அடாப்டர் விலைக்கு ஏண்ணே இந்த வேல" என்றேன். "எல்லாரும் இப்படித்தாம்ல போடுதான்" என்றான். அடுத்த முறை போனபோது நாலு அடாப்டர் கொண்டுபோய் அறையில் இருந்த எல்லாருக்கும் கொடுத்தேன்.

அந்தத் தட்டைக்கால் பிளக் எனக்குப் பிடித்த பிளக். நம்ம உருண்டைக்கால் 1934இல் பிரிட்டிஷ்காரர்கள் வெளியிட்ட தரநிலையிலிருந்து வந்தது. 1947இல் அவர்கள் தங்கள் ஊருக்குத் தட்டைக்காலைக் கொண்டுவந்தார்கள், பிளக்குக்குள்ளேயே பியூஸோடு. சிங்கப்பூரும் மலேசியாவும் வளைகுடாவில் பல நாடுகளும் அந்தப் பக்கம் போய்விட்டன, நாம் பழையதிலேயே நின்றுவிட்டோம். இலங்கை 2017இல்தான் தட்டைக்கால் என்று முடிவெடுத்தது. அதனால் அங்கே பழைய கட்டடங்களில் நம்ம பிளக் அப்படியே போகும், புதியவற்றில் போகாது. தென் ஆப்பிரிக்காவில் நம்ம ஏ.சி.க்குப் போடுகிற பெரிய பவர் பிளக்கேதான் வீட்டுக்கெல்லாம்.

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அடாப்டர் காலை மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது. சார்ஜரின் முதுகில் 'இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் கவலையில்லை. போன், லேப்டாப், கேமரா எல்லாம் அப்படித்தான் வருகின்றன. சித்தி, மகளுக்கு 750 வாட் மிக்சி கொண்டுபோனார். அடாப்டரில் சொருகியதும் சட்னிக்குத் தேங்காய்கூட அரையவில்லை. சூடு தரும் சாமான் என்றால் வோல்ட்டேஜ் பாதியானால் சூடு கால்வாசிதான், 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 270 வாட்டாகிவிடும். ஸ்டெப் அப் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம், ஆனால் மிக்சிக்குத் தாங்குவது செங்கல்லைவிடக் கனம். அங்கே ஓடுகிற மாதிரி 110 வோல்ட் மிக்சியே நம் நாட்டில் செய்து விற்கிறார்கள், அதை வாங்கியதுதான் முடிவு. திரும்பி வரும்போது தங்கை அமெரிக்க எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று கொண்டுவந்து, அடாப்டர் வைத்து நம்ம வீட்டில் சொருகினாள். பட்டென்று ஒரு சத்தம், புகை. அதற்குள் 120 வோல்ட்டுக்கு வைத்த சர்ஜ் பாதுகாப்பு உறுப்பு 230ஐப் பார்த்தால் வெடிக்காமல் என்ன செய்யும். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

ஏழெட்டு வருஷமாக என் பெட்டியில் இருப்பவை இவ்வளவுதான்: ஜி வகை ஒன்று, ஜெர்மன் வகை ஒன்று, டென்மார்க்குக்குக் கே வகை ஒன்று. மூன்றுமே எர்த் உள்ளவை, இந்திய மூணு பின் மட்டும் ஏற்பவை. கூடவே நாலு ஓட்டை உள்ள இந்திய ஸ்பைக் பஸ்டர், வயர் ஒன்றரை மீட்டர். சுவரில் ஒரே அடாப்டர், மற்றதெல்லாம் நம்ம ஊர் ஓட்டைகளில். கட்டில் வரைக்கும் வயர் வரும், பிளக் ஒன்றும் தொங்காது. மூன்றும் சேர்த்து அந்தக் கட்டை ஒன்றின் விலையைத் தாண்டவில்லை. குறை என்று சொன்னால், போகிற நாட்டை முன்கூட்டியே பார்த்து எடுத்து வைக்க வேண்டும், துபாயில் இறங்கிப் போகிற இடைவேளைக்கும் ஒன்று வேண்டும். ஸ்பைக் பஸ்டரில் அயர்ன் பாக்ஸ், கெட்டில் எதையும் நான் போடுவதில்லை. யுஎஸ்பி சி சார்ஜர் ஒன்றில் லேப்டாப்பும் போனும் ஓடுகிற காலம் வந்துவிட்டதால் பெட்டியின் கனமும் குறைந்துவிட்டது. ஆனால் நெபுலைசருக்கு யுஎஸ்பி வராதே.

வாங்கும்போது நான் செய்வது: திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் வழக்கமான எலக்ட்ரிக்கல் கடைக்கு, வீட்டிலிருந்து கனமான பிளக் ஒன்றோடு போவேன். அடாப்டரில் சொருகி, தலைகீழாகப் பிடித்து இரண்டு உதறு. விழுந்தால் வேண்டாம். பிடுங்கும்போது கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும், அதுதான் நல்ல பிடிமானம். பிறகு மல்டிமீட்டரை 'பீப்' நிலையில் வைத்து, எர்த் ஓட்டைக்கும் வெளி எர்த் பின்னுக்கும் தொட்டுப் பார்ப்பேன். பீப் வராவிட்டால் திரும்பக் கொடுத்துவிடுவேன். முதலில், "என்ன சார், பத்து ஓவா சாமானுக்கு டெஸ்டிங்கா" என்று கேட்ட அண்ணாச்சி, இப்போது வெளிநாடு போகிறவர்கள் வந்தால் தன் மீட்டரையே எடுத்துக் காட்டிக் கொடுக்கிறார். மீட்டர் இல்லாதவர்கள் கடைக்காரரிடமே கேட்கலாம், கொடுப்பார்கள்.

தை மாதம் அம்மா மறுபடி சிங்கப்பூர் போகிறாள், இந்தத் தடவை தனியாக. ஜி வகை அடாப்டரை நெபுலைசர் பிளக்கில் மாட்டி, இரண்டையும் சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்துவிட்டேன், கழலாது. டென்மார்க் அடாப்டர் இப்போது என்னிடம் இல்லை. பணகுடித் தம்பி ஒருவன் முதல் பயிற்சிக்குக் கிளம்பும்போது வாங்கிப் போயிருக்கிறான். போன வாரம் அங்கிருந்து போட்டோ அனுப்பினான். சுவரில் அந்தச் சிரிக்கிற முகம், வாய்க்குள் பின் சரியாக உட்கார்ந்திருக்கிறது.