பவர்ஷெல் 5.1-இன் > குறி: திட்டிக்கொண்டே பயன்படுத்துவது

வேலூர் சத்துவாச்சாரியில் டிடிபி கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் கேள்விக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். பத்திரிகை ஃபைல்களுக்கு 'ஆம்பூர் திருமணம் 2023', 'குடியாத்தம் காதுகுத்து' என்று தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறார். பவர்ஷெல்லில் (விண்டோஸில் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் நிரல்) பட்டியலெடுத்து > போட்டு ஒரு ஃபைலில் இறக்கினார். நோட்பேடில் திறந்தால் தமிழ் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் விண்டோஸின் தேடல் கட்டளையான ஃபைண்ட்ஸ்டரில் வெறும் 2023 என்று தேடினால்கூட ஒன்றும் வரவில்லை. ஏன்?

விண்டோஸோடு வரும் 5.1-இல் > என்பது உள்ளுக்குள் அவுட்-ஃபைல் கட்டளைதான். நாம் வேறு சொல்லாதவரை அது எதையும் யுடிஎஃப்-16 என்ற என்கோடிங்கில், அதாவது எழுத்துக்குக் குறைந்தது இரண்டு பைட் எடுக்கும் குறியீட்டு முறையில்தான் எழுதும். 2023 என்ற நான்கு இலக்கங்களில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பூஜ்ய பைட் உட்கார்ந்திருக்கும். ஃபைண்ட்ஸ்டருக்கு அது புரியாது. ஃபைல் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் (Git) நிரலில் போட்டால் பைனரி ஃபைல் என்று சொல்லி மாற்றங்களைக் காட்ட மறுக்கும். தேட வேண்டுமென்றால் செலக்ட்-ஸ்ட்ரிங் போதும். ஃபைலின் தலையில் இருக்கும் அடையாள பைட்டுகளைப் பார்த்து அது தானாகப் புரிந்துகொள்ளும்.

இதோடு விட்டிருந்தால் மன்னித்திருக்கலாம். எரிச்சல் எங்கே என்றால், ஒரே ஷெல்லுக்குள் ஆளுக்கொரு என்கோடிங். > யுடிஎஃப்-16. ஃபைலில் எழுதும் செட்-கன்டென்ட், கணினியின் ஆன்சி கோட்பேஜ் (தமிழ் இல்லாத பழைய எழுத்துப் பட்டியல்). அட்டவணையை சிஎஸ்வி ஃபைலாக்கும் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி, ஆங்கில எழுத்து மட்டும் அறிந்த வெறும் ஆஸ்கி. கடைசி இரண்டிலும் தமிழ் போய் வரிசையாகக் கேள்விக்குறி நிற்கும். காட்பாடி, வாணியம்பாடி எல்லாம் ஒரே '????'. அது திரையில் தெரியும் கோளாறு இல்லை. ஃபைலிலேயே கேள்விக்குறிதான் எழுதப்பட்டிருக்கிறது, திரும்ப மீட்க வழியே கிடையாது. எச்சரிக்கை ஒரு வரிகூட வராது.

அதனால் நியாயமாகச் சொன்னால், இந்த மூன்றில் நான் அதிகம் திட்டும் > ஒன்றுதான் தமிழைத் தொலைக்காமல் எழுதுகிறது. இடமும் குறைவு: 'வேலூர்' என்ற சொல்லுக்கு ஆறு குறியீடுகள், யுடிஎஃப்-16இல் 12 பைட், இன்று பரவலாக இருக்கும் யுடிஎஃப்-8 என்கோடிங்கில் 18. ஆங்கில லாக் ஃபைல் என்றால் கணக்கு தலைகீழ், சரியாக இரண்டு மடங்கு.

இருக்கும் ஃபைலின் கடைசியில் சேர்க்கும் >> இன்னும் மோசம். இருக்கும் ஃபைல் எந்த என்கோடிங்கில் இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. விண்டோஸ் 10, 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் புது ஃபைலை யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கிறது. அதன் கீழே >> போட்டு நான்கு வரி சேர்த்தால் மேல் பாதி ஒரு மொழி, கீழ் பாதி ஒரு மொழி; எந்த எடிட்டராலும் இரண்டையும் ஒன்றாகக் காட்ட முடியாது. இந்த ஃபைலுக்கு ஆட்-கன்டென்ட்டை, என்கோடிங் யுடிஎஃப்8 என்று சொல்லிப் பயன்படுத்துங்கள். சொல்லாவிட்டால், தலையில் அடையாள பைட் இருந்தால் மட்டுமே அது இருப்பதோடு ஒத்துப்போகும்; நோட்பேடின் இந்த ஃபைலில் அது இருக்காது, ஆன்சியில் எழுதித் தமிழைக் கேள்விக்குறியாக்கிவிடும்.

சரிசெய்யும் வழி: ஷெல் திறக்கும்போதெல்லாம் தானாக ஓடும் ப்ரொஃபைல் ஃபைலில் பிஎஸ்-டிஃபால்ட்-பாராமீட்டர்-வேல்யூஸ் மாறியில் 'அவுட்-ஃபைல்:என்கோடிங்' என்ற சாவிக்கு 'யுடிஎஃப்8' என்று மதிப்புக் கொடுங்கள். 5.1-இல் இது > குறிக்கும் சேர்த்துப் பலிக்கும். எக்ஸ்போர்ட்-சிஎஸ்விக்கும் இதேபோல் தனியாக ஒரு வரி. ப்ரொஃபைல் ஃபைல் முதலில் இருக்காது, நியூ-ஐட்டம் கட்டளையை ஃபோர்ஸ் சேர்த்து ஓட்டி உருவாக்க வேண்டும். பிறகு ஷெல்லைத் திறந்தால் ஸ்கிரிப்ட் ஓட அனுமதியில்லை என்று சிவப்பில் கத்தும். எக்ஸிக்யூஷன் பாலிசியை (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்ற விதி) உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் ரிமோட்-சைன்ட் ஆக்குங்கள். குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் நோ-ப்ரொஃபைல் போட்டு ஓடும் ஸ்கிரிப்டுக்கு இது எதுவும் போய்ச் சேராது. அங்கே என்கோடிங்கைக் கட்டளையிலேயே எழுதியாக வேண்டும். திரைக்கும் ஃபைலுக்கும் ஒருசேர அனுப்பும் டீ-ஆப்ஜெக்ட்டுக்கோ 5.1-இல் அந்தத் தேர்வே கொடுக்கவில்லை.

இன்னொன்று, > எழுதுவது தரவை அல்ல, திரையில் தெரியும் அட்டவணையை. பெயர், முழுப்பாதை என்று இரண்டு பத்தி எடுத்தால் நீளமான பாதை கன்சோல் அகலத்தில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளியோடு முடியும், ஃபைலிலும் அப்படியே. அவுட்-ஃபைலில் விட்த் 400 என்று கொடுத்தால் தப்பிக்கலாம்.

பைத்தான் ஸ்கிரிப்ட் ஓட்டுகிறவர்களுக்குத் தனிச் சங்கடம். திரையில் அழகாகத் தமிழ் வரும், > போட்ட மறுநொடி யூனிகோட்-என்கோட்-எரர். திரை இல்லாதபோது பைத்தான் கணினியின் கோட்பேஜுக்குப் போய்விடுவதுதான் காரணம். பைத்தான்-யுடிஎஃப்8 சூழல் மாறியை 1 ஆக்குங்கள். கூடவே கன்சோலின் அவுட்புட்-என்கோடிங்கையும் யுடிஎஃப்-8 ஆக்காவிட்டால், பைத்தான் சரியாக அனுப்பியதை பவர்ஷெல் தப்பாகப் படித்து, அந்தத் தப்பை ஒழுங்காக ஃபைலில் எழுதி வைக்கும்.

ஒரு கட்டளை தருவதை அடுத்த கட்டளைக்குக் கடத்தும் பைப்பைப் பற்றிக் குறை சொல்ல மனசு வரவில்லை. யூனிக்ஸில் 1973-இல் வந்த பைப் எழுத்துகளைக் கடத்தியது. பவர்ஷெல்லின் பைப், பெயர், அளவு என்ற விவரங்களோடு பொருளையே (ஆப்ஜெக்ட்) கடத்துகிறது. அளவு வாரியாக அடுக்கி முதல் பத்து பெரிய ஃபைலை எடுக்க, எத்தனையாவது பத்தியில் அளவு இருக்கிறது என்று எண்ண வேண்டியதில்லை. சார்ட்-ஆப்ஜெக்ட்டுக்கு லெங்த் என்று பெயர் சொன்னால் போதும்.

பவர்ஷெல் 7 போட்டால் எல்லாம் யுடிஎஃப்-8 ஆகிவிடும். 7.4 முதல் வெளி நிரல்களின் பைட்டுகளும் சிதையாமல் ஃபைலுக்குப் போகும். ஆனால் அங்கே தலையில் அடையாள பைட் வராது, அதனால் அதன் சிஎஸ்வியை எக்ஸலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியும். 5.1-இன் 'யுடிஎஃப்8' அடையாளத்தோடு எழுதுவதால் எக்ஸலில் ஒழுங்காகத் திறக்கும்! 7-இல் 'யுடிஎஃப்8பாம்' என்று கேட்டு வாங்க வேண்டும்.

மதிப்பெண்: ஐந்துக்கு இரண்டு. தமிழைக் காப்பாற்றுகிறது என்று மேலே நானே எழுதியிருந்தாலும் இரண்டுதான். நண்பருக்கு என் பதில் 7 போடுங்கள் என்பது. போட்ட பிறகும் 5.1 கணினியை விட்டுப் போகாது, பக்கத்திலேயே இருக்கும். பழைய ஸ்கிரிப்டுகள் எதில் ஓடுகின்றன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.