தினசரி கண்ட்ரோலா, வெளித் தரமதிப்பீடா: லேபில் எதை முதலில் தொடங்குவது?

தினசரி கண்ட்ரோல் என்பது, இருக்க வேண்டிய அளவு முன்பே தெரிந்த மாதிரியை நம் கருவியில் தினமும் ஓட்டிப் பார்ப்பது. வெளித் தரமதிப்பீடு என்பது, வெளி நிறுவனம் அனுப்பும் அளவு தெரியாத மாதிரியைச் சோதித்து, நம் விடையை மற்ற லேப்களோடு ஒப்பிடுவது. லேப்களுக்குத் தர அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரத்துக்கு, அதாவது மருத்துவ லேப்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரத்துக்கு, இரண்டுமே வேண்டும். ஆனால் பணமும் ஆளும் குறைவான சின்ன லேப் என்றால், முதலில் தினசரி கண்ட்ரோலில் இறங்குங்கள் என்பேன்.

காலையில் நோயாளிகளின் மாதிரிக்கு முன்பே கண்ட்ரோலை ஓட்டி, அதன் அளவு சராசரியிலிருந்து நாள்தோறும் எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் லெவி-ஜென்னிங்ஸ் வரைபடத்தில் புள்ளி வைக்கிறோம். ஒரு புள்ளி சராசரியிலிருந்து 3 எஸ்.டி. (திட்ட விலக்கம், அதாவது அளவுகள் வழக்கமாக எவ்வளவு சிதறும் என்பதன் கணக்கு) தாண்டினாலோ, அடுத்தடுத்து 2 புள்ளிகள் ஒரே பக்கம் 2 எஸ்.டி. தாண்டினாலோ ரிப்போர்ட்டை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுகிறோம். தவறான சர்க்கரை அளவு நோயாளி கைக்குப் போகும் முன்பே பிடிபடுகிறது. வெளி மதிப்பீட்டில் இந்த வேகம் கிடையாது. வேலூர் சி.எம்.சி. போன்ற நிறுவனம் அனுப்பும் மாதிரியைச் சோதித்து விடை அனுப்பினால், முடிவு பிறகுதான் வரும்.

சரி, கண்ட்ரோல் மட்டும் போதுமா? போதாது. கண்ட்ரோலின் சராசரியை நம் கருவியிலேயே கணக்கிட்டிருந்தால், அந்தக் கருவி எப்போதும் 10 மி.கி. கூட்டிக் காட்டினாலும் வரைபடம் ஒழுங்காகவே இருக்கும். அதே முறையில் சோதிக்கும் மற்ற லேப்களோடு ஒப்பிடும்போதுதான் அந்தப் பிழை வெளியே வரும்.

அப்புறம், வெளி மாதிரியைத் திறமையான டெக்னீஷியனிடம் மட்டும் கொடுத்து இரண்டு மூன்று முறை ஓட்டாதீர்கள். அன்று பணியில் இருப்பவர், நோயாளியின் மாதிரியைச் செய்வது போலவே செய்யட்டும்.