ஹேண்டில் உதறலும் டேப்பர் பேரிங்கும்: சில வருட அனுபவம்

என் பைக்கில் குண்டு கோன் செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் தண்டைத் தாங்கும் குண்டு பேரிங்கை, எடுத்துவிட்டு, குண்டுக்குப் பதில் சரிவான உருளைகள் உள்ள டேப்பர் ரோலர் பேரிங் போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. காரணம் ஹேண்டில் உதறல்தான். ஆக்சிலேட்டரை விட்டு வேகம் 70-லிருந்து 60-க்கு இறங்கும்போது கைப்பிடி லேசாக நடுங்கும். ஒருமுறை ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் அந்த நடுக்கமே பெரிதாகி, ஹேண்டில் இடமும் வலமும் படபடவென்று அடித்தது.

அந்த நொடியில் கை தானாக இறுகும். இறுக்கினால் நம் உடம்பும் ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளும். முன்பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரத்தில் பாரம் ஏறி உதறல் இன்னும் கூடலாம். முழங்காலால் டேங்கைக் கவ்வி, உடம்பை முன்னால் சாய்த்து, பிடியை விடாமல் முழங்கையை மட்டும் தளர்த்தி, ஆக்சிலேட்டரை மெதுவாகக் குறைத்தேன். வேகம் இறங்க இறங்க அடங்கிவிட்டது.

அப்புறம் டயர் காற்று, வீல் பேலன்ஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் புஷ் என்று வரிசையாகப் பார்த்தோம். எல்லாம் சரி. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பியபோதுதான் விஷயம் தெரிந்தது: நேராக வரும் இடத்தில் 'டக்' என்று உட்கார்ந்தது. கழற்றிக் கிரீஸைத் துடைத்துப் பார்த்தால், கோன் செட்டின் கிண்ணத்தில் குண்டுகள் பதிந்த குழிகள் வரிசையாக இருந்தன, நகத்தால் தடவினால் தட்டுகிற அளவுக்கு.

டேப்பர் பேரிங்கில் உருளைகள் கோடாகப் படிவதால் பாரம் பரவுகிறது. அப்படிக் குழி விழுவது குறைவு. மாற்றியதும் நடுக்கம் நின்றது, இதுவரை திரும்பவில்லை. ஆனால் பொருத்துகிறவர் கை தேர்ந்ததாக இருக்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டரில் பேரிங் படிந்து கொஞ்சம் தளர்ந்தது, மறுபடி இறுக்க வேண்டியிருந்தது. அதிகம் இறுக்கினாலும் தொல்லை: மெதுவாகப் போகும்போது வண்டி நேர்கோட்டில் நிற்காமல் அலையும்.

ஹேண்டிலின் ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பர் போடச் சொன்னவர்களும் உண்டு. கோன் செட் தேய்ந்த வண்டிக்கு அது நோயை மறைக்கும் மருந்து என்பதே என் கருத்து. பின்னால் பெரிய பெட்டி வைத்து முழுக்க நிரப்பினால் நல்ல வண்டியும் முன்பக்கம் லேசாகிவிடும். கனமான சாமான்களை நான் டேங்க் பையில்தான் வைக்கிறேன். இன்னொன்று, உதறல் இருக்கிறதா என்று பார்க்க ஓடும் வண்டியில் இரண்டு கையையும் எடுத்துப் பார்க்காதீர்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தாலே கோன் செட்டின் ஆட்டம் தெரிந்துவிடும்.