20 ஆண்டுகளுக்கும் மேலாக என்னிடம் இருக்கும் ரெலிகாந்த்

2004-ஆம் ஆண்டு ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில், தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் இருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, போக்கிமான் சஃபையர் விளையாட்டில் ரெலிகாந்த் என்ற கற்பனை மீன் ஒன்றைப் பிடித்தேன். அந்த மீன் இன்றும் என்னிடம் இருக்கிறது. கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவியில் தொடங்கி அடுத்தடுத்த தலைமுறைக் கருவிகளைக் கடந்து, ஒவ்வொரு முறையும் நானே கைப்பட மாற்றி எடுத்துவந்த அதே மீன் அது. ரெலிகாந்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதை விளையாட்டில் வரும் ஒரு கதவைத் திறக்கும் சாவியாக ஒரு முறை பயன்படுத்திவிட்டுப் பெட்டியில் போட்டவர்களாகவே இருக்கிறார்கள். நெடுங்காலம் வைத்திருந்தால்தான் அதன் அருமை தெரியும் என்பது என் அனுபவம்.

பிடிப்பதே முதல் சோதனை. 124, 126 ஆகிய கடல்வழிகளில் மூழ்கி, அடித்தளத்துப் பாசிக்காட்டுக்குள் அலைய வேண்டும். அங்கே எதிர்ப்படுபவற்றில் நூற்றுக்கு 65 கிளாம்பெர்ல், 30 சின்சௌ என்ற வேறு கடலுயிர்கள், மீதி 5 மட்டுமே ரெலிகாந்த். எதிர்ப்பட்டாலும், பிடிக்க வீசும் பந்துக்குள் எளிதில் அடங்காது. மாஸ்டீப் நகரக் கடையில் கிடைக்கும் டைவ் பந்து நீருக்கடியில் மூன்றரை மடங்கு பலன் தரும் என்பதை அறியாமல், முதல் இரண்டு நாட்கள் சாதாரணப் பந்துகளை வீசி இரண்டு மீன்களை நழுவவிட்டேன். மூன்றாம் நாள் பையில் இருபது டைவ் பந்துகளுடன் இறங்கினேன். பதினான்காவது பந்தில் அது அடங்கியது.

அந்த வாரம் தென்கரைக்கு மத்திக் கூட்டம் வந்திருந்தது. ஜூன், ஜூலை மாதங்களில் மத்தி கரையோரம் நெருங்கும்போது இங்கே எங்கள் ஆட்கள் வாளியும் கூடையுமாகக் கடலுக்கு ஓடுவார்கள். தாத்தாவும் போய்விட்டு, மாலையில் ஈரக் காற்சட்டையோடு திரும்பிவந்தார். இளமையில் டர்பன் துறைமுகத்தில் கரைவலை இழுத்த குழுவில் இருந்தவர் அவர். மீனைப் பார்த்தால் பெயர் சொல்லாமல் விடமாட்டார். என் தோளுக்கு மேலாகச் சிறிய திரையை எட்டிப் பார்த்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "இது ஈஸ்ட் லண்டன் மீனுடா. நான் சின்னப் பையனா இருந்தப்ப பேப்பர்ல படம் போட்டாங்க. செத்துப்போன ஜாதின்னு சொன்னாங்க, அது உயிரோட வந்து நின்னுச்சு."

சீலகாந்த் என்ற பெயர் அவருக்குத் தெரியாது, எனக்கும் அன்று தெரியாது. ஆனால் அவர் சொன்னது முற்றிலும் சரி. 1938 டிசம்பர் 22 அன்று, சாலும்னா ஆற்றின் முகத்துவாரத்துக்கு அப்பால் ஹென்ட்ரிக் கூசன் என்ற கப்பல் தலைவரின் நெரைன் என்னும் இழுவைப் படகில் அந்த மீன் சிக்கியது. ஈஸ்ட் லண்டன் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்டனே-லாட்டிமர் மீன் குவியலுக்குள் நீல நிறத் துடுப்பு ஒன்றைக் கண்டு, அதை டாக்சியில் ஏற்றிக் கொண்டுவந்தார். படம் வரைந்து, கிரகாம்ஸ்டவுனில் இருந்த பேராசிரியர் ஜே. எல். பி. ஸ்மித்துக்கு அனுப்பினார். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாக அறிவியலாளர்கள் நம்பியிருந்த வகை அது. அதற்கு லாட்டிமெரியா சாலும்னே என்று ஸ்மித் பெயரிட்டார். கண்டெடுத்தவரின் பெயரும் ஆற்றின் பெயரும் சேர்ந்த பெயர். இரண்டாவது மீன் கிடைக்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது கொமொரோ தீவுகளில் அகப்பட்டது.

இந்தப் பின்னணி தெரிந்த பிறகு விளையாட்டில் உள்ள மீனைப் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. ஆழ்கடல் ஆய்வில் கண்டுபிடிக்கப்பட்டது, பத்துக் கோடி ஆண்டுகளாக உருமாறாதது, பாறை போன்ற செதில்கள் உடையது என்று விளையாட்டின் உயிரினப் பட்டியலான போக்கிடெக்ஸ் சொல்கிறது. உருவத்திலும் அந்தக் கவனம் தெரிகிறது: தடித்த தலை, உடலிலிருந்து தண்டுபோல் நீண்டு நிற்கும் துடுப்புகள், மங்கிய பழுப்பு. ஆனால் வேறுபாடுகளும் உண்டு. ரெலிகாந்த் ஒரு மீட்டர் நீளமும் 23.4 கிலோ எடையும் உடையது. 1938-இல் கிடைத்த மீனோ ஒன்றரை மீட்டர் நீளமும் 57 கிலோவுக்கு மேல் எடையும் கொண்டிருந்தது. ரெலிகாந்துக்குப் பல் இல்லை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை உறிஞ்சித் தின்கிறது. உண்மையான சீலகாந்த் பல்லுள்ள வேட்டை மீன், கணவாயையும் சிறு மீன்களையும் விழுங்கும். விளையாட்டில் முட்டையிலிருந்து குஞ்சு வருகிறது. கடலில் சீலகாந்த் குட்டி போடுகிறது. இந்த வேறுபாடுகள் எனக்குக் குறையாகத் தோன்றியதில்லை. முட்டை மட்டும் கொஞ்சம் உறுத்தும், ஏனென்றால் அதைப் பொரிக்க ஏறக்குறைய பத்தாயிரம் அடிகள் நடக்க வேண்டும்.

2012-இல் வேலை கிடைத்த பிறகு, டர்பனிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் காரோட்டிச் சென்று ஈஸ்ட் லண்டன் அருங்காட்சியகத்தில் அந்த முதல் மீனைப் பார்த்தேன். உள்ளுறுப்புகள் அன்றே அழுகிப்போனதால் தோல் மட்டுமே பதப்படுத்தப்பட்டு நிற்கிறது. நீல நிறம் முழுதும் போய்ப் பழுப்பாகிவிட்டது. ரெலிகாந்தின் நிறம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கு அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றபோது எனக்கு ஒரு விடை தோன்றியது. அது என் ஊகம்தான். ஆனாலும் இன்றுவரை அதை விட மனமில்லை.

இனிக் கதவைப் பற்றி. சஃபையரில் 134-ஆம் கடல்வழிக்கு அடியில் முத்திரையிட்ட அறை ஒன்று உள்ளது. அதன் சுவர்களில் எழுத்துகளுக்குப் பதிலாகப் புள்ளிகள் இருக்கும், அவை பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்துகள். முதல் அறையில் எங்கே தோண்ட வேண்டும் என்று படித்தறிந்து தோண்டினால், உள்ளறை திறக்கும். அங்கே உள்ள பிரெய்ல், அணியின் முதல் இடத்தில் ரெலிகாந்தும் கடைசி இடத்தில் வெயில்லார்ட் என்ற திமிங்கிலமும் நிற்க வேண்டும் என்று சொல்கிறது. எமரால்ட் பதிப்பில் இந்த வரிசை தலைகீழ். அதனால் ஏமாந்த நண்பர்கள் எனக்கு உண்டு. என்னிடம் இருந்தது பழைய பொருள் கடையில் வாங்கிய கேட்ரிட்ஜ், கையேடு கிடையாது. பிரெய்ல் எழுத்துகளைப் பள்ளி நூலகத்து அகராதியின் பின்பக்கத்திலிருந்து பார்த்து எழுதிக்கொண்டுவந்து, ஒவ்வொரு புள்ளியாகப் பொருத்தி வாசித்தேன். 14.5 மீட்டர் நீளத் திமிங்கிலமும் ஒரு மீட்டர் மீனும் ஒரே அணியின் இரு முனைகளில் நின்றபோது நிலம் அதிர்ந்தது. எங்கோ கதவுகள் திறந்த ஓசை பற்றிய செய்தி திரையில் வந்தது. ரெஜிராக், ரெஜைஸ், ரெஜிஸ்டீல் ஆகிய மூன்று அரிய போக்கிமான்களும் அதன் பிறகுதான் கிடைக்கும். அவற்றைப் பிடித்ததை நான் பெரிதாக நினைவில் வைத்திருக்கவில்லை. புள்ளிகளை வாசித்த அந்த மாலை மட்டும் அப்படியே இருக்கிறது.

சண்டையில் அது எப்படி என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும்: சஃபையரில் அது சுமார்தான். அடிப்படைத் தாக்கும் வலிமை 90, தற்காப்பு 130, உயிர்ப்புள்ளி 100. ஆனால் சிறப்புத் தாக்குதல் வெறும் 45, வேகம் 55. அந்தத் தலைமுறையில் ஒரு மூவ், அதாவது தாக்கும் முறை, எந்த வலிமையைக் கொண்டு கணக்கிடப்படும் என்பதை அதன் வகையே தீர்மானித்தது. நீர் வகை முழுவதும் சிறப்புத் தாக்குதலாகவே எண்ணப்பட்டதால், நீரிலேயே பிறந்த இந்த மீன் சர்ஃப் என்ற நீர் மூவை அடித்தால் அது தன் 45-ஐக் கொண்டே அடிக்கும். பலமான தாடை இருந்தும் நாக்கால் கடிக்கச் சொன்னது போன்ற நிலை. அதன் இரு வகைகளான நீர், பாறை ஆகியவற்றுள் பாறை வகை மூவ்கள்தான் அதன் 90-ஐப் பயன்படுத்தின.

அடுத்த தலைமுறையான டயமண்ட், பேர்ல் பதிப்புகள் வந்தபோது அந்த விதி மாறியது. ஒவ்வொரு மூவும் உடலால் தாக்குவதா, சிறப்பாற்றலால் தாக்குவதா என்று தனித்தனியாகப் பிரிக்கப்பட்டது. வாட்டர்ஃபால் என்ற நீர் மூவ் உடல்வலிமைத் தாக்குதலானதால் என் மீனின் நீர் வகை அடி ஒரே நாளில் இரு மடங்கு கனமானதாக உணர்ந்தேன். அதே தலைமுறையில் ஹெட் ஸ்மாஷ் என்ற பாறை வகை மூவ் அறிமுகமானது. அதன் வலிமை 150. எதிரிக்குத் தந்த சேதத்தில் பாதி அடித்தவருக்கே திரும்பிவரும். ஆனால் என் ரெலிகாந்தின் இயல்புத் திறன் ராக் ஹெட். அந்தத் திறன் உள்ளவற்றுக்குத் திரும்பிவரும் சேதம் கிடையாது. 2004-இல் பதினான்காவது பந்தில் அகப்பட்ட மீனுக்கு ஸ்விஃப்ட் ஸ்விம் என்ற இன்னொரு திறன் அமையாமல் ராக் ஹெட் அமைந்ததை அன்று நான் கவனிக்கக்கூட இல்லை. அதன் மதிப்பு தெரிய நான்கு ஆண்டுகள் ஆயின. உயர்ந்த லெவலை எட்டி ஹெட் ஸ்மாஷைக் கற்றுக்கொண்ட நாளில், பத்துச் சண்டைகளில் அதை முதலாவதாக நிறுத்தி, திரும்பத் திரும்ப அந்த ஒன்றையே அடிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தில் ஒரு முறை குறி தவறும். தவறாதபோது எதிரில் நிற்பவை குறைவு.

குறைகளையும் மறைக்க மாட்டேன். புல் வகைத் தாக்குதல் நான்கு மடங்காக விழும். எவ்வளவு தற்காப்பு இருந்தாலும் அதற்கு முன்னால் பயனில்லை. மின்சாரம், நிலம், மல்யுத்த வகைகளும் இரு மடங்காகத் தாக்கும். ஏறத்தாழ எல்லா எதிரிகளும் அதற்கு முன்பே அடித்துவிடுவார்கள். 100-ஆம் லெவலை எட்ட 12,50,000 அனுபவப் புள்ளிகள் தேவை. என் மீன் அங்கே போய்ச் சேர்ந்தது 2013-இல். அவசரக்காரர்களுக்கு இந்த மீனைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த மீனை வைத்திருப்பதில் மிகுந்த உழைப்பு கேட்டது இடமாற்றம்தான். சஃபையரிலிருந்து டயமண்டுக்கு அதிலுள்ள பால் பார்க் என்ற வசதி வழியாக ஒரே நேரத்தில் ஆறு ஆறாகத்தான் அனுப்ப முடியும். போனவை திரும்பி வரா. எச்எம் எனப்படும், எளிதில் மறக்க முடியாத மூவ்கள் தெரிந்தவற்றை அது ஏற்காது என்பதால், லிலிகோவ் நகரில் இருப்பவரிடம் போய் டைவ், சர்ஃப் இரண்டையும் மறக்கச் செய்தேன். கடலடியில் கிடைத்த மீனிடமிருந்து மூழ்கும் வித்தையைப் பறிப்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது. அடுத்து பிளாக் பதிப்புக்கு மாற்ற இரண்டு டிஎஸ் கருவிகள் வேண்டியிருந்தன. ஒன்றை அக்காவிடம் இரவல் வாங்கினேன். நடுவில் மின்வெட்டு வந்துவிடுமோ என்று அஞ்சி, இரண்டிலும் முழு சார்ஜ் ஏறிய பிறகே தொடங்கினேன். அங்கிருந்து 3டிஎஸ்ஸின் பேங்க், 2020-இல் ஹோம் என்ற இணையச் சேமிப்புகள் வழியாகப் பயணம் நீண்டது.

இந்தப் பயணத்தில் நான் மிகவும் மகிழ்ந்த நாள் 2014 டிசம்பரில் வந்தது. ஆல்ஃபா சஃபையர் என்ற மறுபதிப்பிலும் அதே முத்திரையறை இருந்தது. அங்கேயே புதிதாக ஒரு ரெலிகாந்தைப் பிடித்திருக்கலாம். நான் பேங்கில் இருந்த பழைய மீனை இறக்கிக் கொண்டுவந்தேன். பத்தாண்டுகளுக்கு முன் திறந்த கதவை அதே மீன் மீண்டும் திறந்தது. தாத்தா அப்போது உயிரோடு இல்லை. கருவியைக் கையில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

போக்கிமான் கோ என்ற கைபேசி விளையாட்டில் ரெலிகாந்த் நியூசிலாந்துப் பக்கத்தில்தான் தென்படுகிறது. ஆனால் உண்மையான மீன் எங்கள் கரையிலேயே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு, குவாசூலு-நட்டாலின் வடகோடியில் உள்ள சொட்வானா விரிகுடாவில், நூறு மீட்டருக்குச் சற்றுக் கீழே முக்குளிப்பவர்கள் சீலகாந்துகளை நேரில் கண்டார்கள். 2019-இல் உம்சும்பே கடலில் 72 மீட்டர் ஆழத்திலேயே ஒன்று தென்பட்டது. உம்சும்பே தாத்தா மத்தி பிடிக்கப் போகும் அதே தென்கரையில்தான் இருக்கிறது. இந்தச் செய்தியை அவருக்குச் சொல்ல முடியவில்லையே என்ற ஏக்கம் எனக்கு இன்னும் உண்டு.

சென்ற ஆண்டு அக்கா மகனுக்கு ஒன்பது வயது நிரம்பியது. ஹோமில் இருந்த என் மீனைப் பார்த்துவிட்டு, "மாமா, இத எனக்குக் குடுங்க" என்றான்.

"இதக் குடுத்தாலும் பழைய விளையாட்டுக்குள்ள திரும்பப் போகாதுப்பா. உனக்கு உன் மீன் வேணும்னா கீழ போய்த் தேடு" என்று சொல்லி, சஃபையர் கேட்ரிட்ஜை எடுத்துக் கொடுத்தேன். அதன் உள் பேட்டரி எப்போதோ தீர்ந்துவிட்டது. கடிகாரத்தை நம்பிய நிகழ்வுகள் நடக்காது, ஷோல் குகையில் அலை ஏறி இறங்காது. ஆனால் சேமிப்பு கெடவில்லை, பாசிக்காடும் பிரெய்ல் சுவரும் கடிகாரத்தை எதிர்பார்ப்பவை அல்ல. என் பழைய சேமிப்பை அழித்து, அவன் பெயரில் புதிதாகத் தொடங்கினோம். டைவ் பந்தின் ரகசியத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். நான்கு மாதங்களில் ஒன்பதாவது பந்தில் ஒரு ரெலிகாந்தைப் பிடித்துவிட்டான். வெயில்லார்ட் இன்னும் ஆகவில்லை. அதன் இளம் வடிவமான வெயில்மர் 40-ஆம் லெவலில்தான் உருமாறும்; அவனுடையது இந்த ஞாயிற்றுக்கிழமை 33-இல் இருக்கிறது. பிரெய்ல் எழுத்துகளை இப்போதே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறான்.