ஆர்எக்ஸ் 100 ஹெட்டை வெட்டக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"ஹெட் வெட்டினால் பிக்கப் ஏறும்" என்று யாரோ சொல்லக் கேட்டு மனசு அலைபாய்ந்துகொண்டிருக்கும் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் காரர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹெட் என்பது இன்ஜின் சிலிண்டரின் மேல்மூடி. எனக்குப் போனது 6,500 ரூபாயும், அப்பா 1993-இல் வாங்கிய வண்டியின் ஒரிஜினல் ஹெட்டும். பணம் போகட்டும். 1996-உடன் தயாரிப்பே நின்றுபோன வண்டிக்கு, வண்டியோடு வந்த ஹெட்டை எங்கே போய்த் தேடுவது?

கோவையில் ஒரு பட்டறை. வாசலில் பத்துப் பன்னிரண்டு ஆர்எக்ஸ் நின்றதைப் பார்த்ததும் நம்பிவிட்டேன். "நான் வெறும் ஃபேஸ் எடுக்கிற ஆளில்லைங்க தம்பி. ஸ்குவிஷ் பேண்டையும் அளந்து, பிஸ்டனுக்கு ஏத்த மாதிரி புதுசாக் கடைஞ்சு தர்றேன்" என்றார். ஃபேஸ் என்பது ஹெட் சிலிண்டரில் உட்காரும் அடிப்பரப்பு; ஸ்குவிஷ் பேண்ட் என்னவென்று பிறகு சொல்கிறேன். கூலி அதிகமாக இருப்பதற்கும் அதுதான் காரணம் என்றார். பில் கேட்டேன். "நம்ம வேலைக்கு பில் எதுக்குங்க?" என்றார். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் வண்டி பறந்தது, மறுக்கவில்லை. அப்புறம் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைத் திருகினால், தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கினது போல ஒரு சத்தம். போன் செய்தேன். "பெட்ரோல் சரியில்லைங்க, பவர் பெட்ரோல் போடுங்க" என்றார். போட்டேன், கொஞ்சம் அடங்கினது போல இருந்தது. அடங்கியது சத்தம் மட்டும்தான். மூன்றாவது வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது பாதி மலையில் இன்ஜின் நின்றது. கிக்கர் பஞ்சு மாதிரி இறங்கியது, கம்ப்ரெஷனே இல்லை. குட்டியானையில் ஏற்றிக் கீழே கொண்டு வந்தோம்.

ஹெட்டைக் கழற்றிப் பார்த்த பட்டறைக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "2டி ஆயில் இல்லாம ஓட்டியிருக்கீங்க." டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஊற்றும் ஆயில்தான் அது. ஆயில் டேங்கில் பாதிக்கு மேல் ஆயில் இருந்தது. அதைக் காட்டியும் ஒப்புக்கொள்ளவில்லை. உங்களிடமும் யாராவது இப்படிச் சொன்னால் பிஸ்டனைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஆயில் போதாமல் ஜாம் ஆகியிருந்தால் பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகச் சிராய்ப்பு இருக்கும். என் பிஸ்டனில் அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தது. தலைப்பக்கம்தான் போயிருந்தது. சைலன்சர் பக்கத்து ஓரம், எலி கொறித்த சோப்புக்கட்டி போல அரித்து, மேல் ரிங் உட்காரும் வரப்பே உடைந்திருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் கடுகை விடச் சின்னதாக அலுமினிய உருண்டைகள் ஒட்டியிருந்தன. அது நாக்கிங், அதாவது கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது, விட்டுப்போன தடயம்.

சிங்காநல்லூரில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் எல்லாவற்றையும் எடுத்துப் போனேன். அவர் முதலில் ஒரு நண்பனின் கை படாத ஹெட்டை என் ஹெட்டுக்குப் பக்கத்தில் வைத்து வெர்னியரில் அளந்தார். என்னுடையது 1.6 மில்லிமீட்டர் வெட்டப்பட்டிருந்தது. இந்த வண்டிக்கு போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50. அந்தப் பரப்பில் 1 மில்லிமீட்டர் என்றாலே ஏறக்குறைய 2 மில்லி கொள்ளளவு. இவ்வளவு சின்ன அறைக்கு அது பெரிய அளவு.

அதைவிடப் பெரிய கொடுமை வேறு. ஸ்குவிஷ் பேண்டே இல்லை! அறையின் ஓரத்தைச் சுற்றி வளையம் போல வரும் பட்டைதான் அது. பிஸ்டன் மேலே வரும்போது அந்த வளையத்துக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடம் மெலிந்து, ஓரத்தில் இருக்கும் பெட்ரோல் கலவை பிளக் இருக்கும் நடுப்பகுதிக்குப் பீச்சி அடிக்கப்படும். கலவை நன்றாகக் கலங்கும், தீ வேகமாகப் பரவும். ஓரத்தில் மிஞ்சும் கொஞ்சம் கலவையையும் இருபுற உலோகம் குளிர வைத்துவிடும். இங்கிலாந்துப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ 1919-இல் சைடு வால்வு இன்ஜினுக்காகக் காப்புரிமை வாங்கிய ஹெட்டின் சூட்சுமமும் இதுதான். நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயத்தைத்தான் என் ஹெட்டில் கடைந்து எறிந்திருக்கிறார்கள். ஃபேஸை அவ்வளவு வெட்டினால் பிஸ்டன் ஓரம் இடிக்கும் அல்லவா, இடிக்காமல் இருக்கப் பட்டையை எடுத்துவிட்டார். கம்ப்ரெஷன் ஏறிவிட்டது, காப்பாற்ற வேண்டிய பட்டை போய்விட்டது. ஓரத்துக் கலவை தீ வந்து சேரும் முன்பே தானாக வெடித்திருக்கிறது. எனக்குக் கேட்ட சில்லறைச் சத்தம் அதுதான்.

ஹெட்டின் ஓரத்துக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க, பிளக் துளை வழியாக ஈயக் கம்பியை ஓரம் வரை விட்டு, கிக்கரை மெதுவாகக் கையால் இறக்கி, நசுங்கிய முனையை அளப்பார்கள். ஐந்து நிமிட வேலை. இந்த மாதிரி சின்ன இன்ஜினுக்கு 1 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது. பெரியவர் என் ஹெட்டை மறுபடி மாட்டிப் பார்த்தபோது ஒரு பக்கம் 2.1, எதிர்ப்பக்கம் 1.6. லேத்தில் நேராகக்கூடப் பிடிக்கவில்லை. "அளந்து கடைகிறேன்" என்று வாங்கிய கூலிக்கு ஒருமுறைகூட அளக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பட்டறைக்காரரிடம் அந்தக் கம்பித் துண்டுகளோடு போய் நின்றேன். "கம்பில என்னங்க தெரியும்?" என்றார். பில் இல்லாததால் புகார் கொடுக்கவும் கையில் ஆதாரம் இல்லை. கடைசியில் 1,000 ரூபாயைக் கையில் திணித்து அனுப்பினார்.

ஹெட் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கொடுக்கும் முன் அதன் தடிமனை நீங்களே அளந்து போனில் படம் எடுத்து வையுங்கள். ஈயக் கம்பி அளவை வேலைக்கு முன்னும் பின்னும் உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் ஹெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சத்தம் வந்த பிறகு பவர் பெட்ரோல் போட்டு ஓட்டாதீர்கள், அன்றே நிறுத்துங்கள். நான் நிறுத்தியிருந்தால் பிஸ்டனாவது தப்பித்திருக்கும்.

இப்போது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, பழைய சாமான் கடையில் கிடைத்த வெட்டாத ஹெட்டோடு வண்டி ஓடுகிறது. கம்பி அளவு இரண்டு பக்கமும் 1.1. அப்பாவின் ஹெட் அலமாரியில் இருக்கிறது.