ஐபிஎம் மாடல் எம்: வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஆட்டிப் பாருங்க

ரெண்டு மாசமா இந்த கீபோர்டுலதான் எல்லா வேலையும் ஓடுது, இந்த ரிவ்யூவும் இதுலதான் அடிக்கிறேன். ஐபிஎம் மாடல் எம், பார்ட் நம்பர் 1391401, பின்னாடி லேபிள்ல 1989ன்னு இருக்கு. ரெண்டு கிலோவுக்கு மேல வெயிட்டு, எவ்ளோ வேகமா அடிச்சாலும் டேபிள்ல இம்மி நகராது.

செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க முதல்ல கையில எடுத்து லேசா ஆட்டிப் பாருங்க. நான் பாக்கல, வீட்டுக்கு வந்து ஆட்டுனா உள்ள பாசிமணி மாதிரி கலகலங்குது. கீ எல்லாம் உக்காந்திருக்கிற பிளாஸ்டிக் தட்டையும் அடியில இருக்கிற இரும்புத் தகட்டையும் சேத்துப் புடிச்சிருக்கிறது சின்னச் சின்ன பிளாஸ்டிக் ரிவெட்டுதான், வருஷம் ஆக ஆக அதோட தலை ஒண்ணொண்ணா ஒடிஞ்சு விழும், அப்புறம் தகடு லூசாகி சில கீ அழுத்தமா அடிச்சாதான் எழுத்து விழும், சிலதுல விழவே விழாது. மத்தபடி இந்த கீபோர்டுக்கு பெருசா வியாதி கிடையாது.

இதுக்கு வைத்தியம் போல்ட் மாட், அதாவது ரிவெட்டுக்குப் பதிலா ஸ்குரூ போடுற வேலை. மிச்ச ரிவெட்டையும் செதுக்கி எடுத்துட்டு, 1.5 எம்எம் டிரில்ல ஓட்டை போட்டு, எம்2 ஸ்குரூவும் நட்டும் போட்டு முடுக்கணும். கேஸை திறக்க சாதா ஸ்குரூடிரைவர் ஆகாது, 5.5 எம்எம் நட் டிரைவர் வேணும், அதுவும் ஒல்லியானது, ஸ்குரூ நாலும் ஆழமான குழிக்குள்ள இருக்கு. எனக்கு ரெண்டு சனி ஞாயிறு போச்சு. டிரில் வழுக்காம இருக்க முதல்ல ஊசியால புள்ளி குத்திக்கோங்க. திரும்ப கீ மாட்டும்போது கீபோர்டை நெட்டுக்குத்தா நிமித்தி வச்சு மாட்டுங்க, அப்பதான் ஸ்பிரிங் சரியா உக்காரும், படுக்க வச்சு மாட்டுனா கீ அமுங்கும் ஆனா சத்தம் வராது, சத்தம் வரலன்னா எழுத்தும் வராது.

ஏன்னா இதுல ஸ்பிரிங்குதான் எல்லாமே. அழுத்த அழுத்த ஒரு கட்டத்துல ஸ்பிரிங் பட்டுனு மடியும், அடியில இருக்கிற குட்டி சுத்தியல் சாஞ்சு மெம்பரேனை, அதாவது சர்க்யூட் போட்ட மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட்டைத் தட்டும், எழுத்து விழுந்தது விரலுக்கே தெரிஞ்சிடும். இப்ப வர்ற எந்த ஸ்விட்சுலயும் எனக்கு இந்த சுகம் கிடைக்கல.

கீகேப் (கீ மேல இருக்கிற மூடி) எல்லாம் பிபிடிங்கிற கெட்டி பிளாஸ்டிக், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணில ஒரு ராத்திரி ஊறப்போட்டதுக்கே புதுசாயிடுச்சு, எழுத்து கொஞ்சம்கூட அழியல. நான் தமிழ்99 கீபோர்டு முறைல அடிக்கிற ஆளு, அதுல புள்ளி வைக்கிறது எஃப் கீ, வரிக்கு பத்து தடவ அதுல விரல் போகும், அதுவே இன்னும் பளிச்சுனு இருக்கு.

இதோட ஒயர்ல இருக்கிறது பிஎஸ்2ங்கிற பழைய வட்ட பின்னு, அதை யூஎஸ்பியா மாத்துற கன்வெர்ட்டர்ல கஞ்சத்தனம் வேணாம். ஆன்லைன்ல மலிவா வாங்குனது கீபோர்டுக்கு கரண்ட் பத்தாம நடுநடுவுல கட் ஆச்சு. ரீமேப் (ஒரு கீயை வேற கீயா மாத்துறது) பண்ற வசதியோட நல்ல கன்வெர்ட்டரா மாத்துனதும் அந்தத் தொல்லை தீந்துச்சு, 101 கீ லேஅவுட்ல விண்டோஸ் கீயே இல்லாததால கேப்ஸ் லாக்கை விண்டோஸ் கீயாவும் ஆக்கிட்டேன்.

கேம் ஆடுறவங்களுக்கு இது வேணாம், மூணு கீ சேத்து அமுக்குனா சில காம்பினேஷன் விழாது. கைக்குழந்தை தூங்குற ரூம்லயும் வேணாம். ரிப்பேர் வேலையெல்லாம் முடியாதுன்னா, அந்தப் பழைய மோல்டு, மெஷினையெல்லாம் வாங்கி 1996லேருந்து யூனிகாம்ப்ங்கிற கம்பெனி அமெரிக்காவோட கென்டக்கில இதே ஸ்பிரிங் கீபோர்டு போட்டுட்டு இருக்காங்க, யூஎஸ்பியும் விண்டோஸ் கீயும் சேத்தே வருது. பழசுதான் வேணும்னா நட் டிரைவரை முதல்ல வாங்கி வச்சுக்கோங்க.